ஸ்கேன் கதிர்வீச்சு அளவு மீறினால் இழப்பீடு கேட்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

சி.டி. ஸ்கேன் கதிர்வீச்சு குறித்து வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குற்றம்சாட்டிய மருத்துவமனைகளின் பெயர்களையும் நீக்கியிருக்கிறோம். ஒரு தரப்பின் கடிதத்தை மட்டும் படித்துவிட்டு மறு தரப்பைப் பெயர் சொல்லித் தூற்றுவது முறையாகாது.

கேள்வி: ஐயா, பக்கவாதம் வந்த என் தந்தைக்கு (வயது 61) தனியார் மருத்துவமனை ஒன்றில், மூளைக்குள் இரத்தம் பாய்வதை அளக்கும் சி.டி. ஸ்கேனை முதல் நாளும் மூன்றாம் நாளும் எடுத்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, ஒரு காதிலிருந்து மறு காது வரை பட்டை போட்டாற்போல் முடி கொட்டிவிட்டது. கேட்டால் மாத்திரையின் விளைவு என்கிறார்கள். அமெரிக்காவில் இப்படி நடந்து வழக்குப் போட்டதாகப் படித்த நினைவு இருக்கிறது. நாங்களும் வழக்குப் போட முடியுமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாங்கள் படித்தது லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சீடார்ஸ்-சினாய் மருத்துவமனையில் நடந்ததாக இருக்க வேண்டும். அங்கே 2008 பிப்ரவரியில், தாங்கள் சொல்லும் இதே மூளை இரத்த ஓட்ட ஸ்கேனுக்கான அமைப்புகளை மாற்றியபோது ஒரு பிழை நேர்ந்தது. அதன் பிறகு பதினெட்டு மாதங்கள் அந்த ஸ்கேனுக்கு வந்தவர்கள் வழக்கமான அளவைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு கதிர்வீச்சைப் பெற்றார்கள். உடல் உறிஞ்சும் கதிர்வீச்சைக் கிரே என்ற அலகால் அளக்கிறார்கள்; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. அரை கிரே கிடைக்க வேண்டிய இடத்தில் மூன்று முதல் நான்கு கிரே வரை சென்றிருக்கிறது. ஸ்கேனரின் திரையில் ஒவ்வொரு முறையும் கதிர்வீச்சு அளவு தெரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அது யார் கண்ணிலும் உறுத்தவில்லை. 2009 ஆகஸ்டில் நோயாளி ஒருவர் முடி கொட்டுகிறது என்று சொல்லி வந்த பிறகே விஷயம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விடுத்த முதல் எச்சரிக்கையில் 206 நோயாளிகள் என்ற கணக்கு இருந்தது. ஓராண்டு கழித்து, ஆறு மருத்துவமனைகளைச் சேர்ந்த ஏறத்தாழ 385 பேர் என்று அது உயர்ந்தது. பாதிக்கப்பட்டோர் பலருக்காகச் சேர்த்துத் தொடுக்கும் கூட்டு வழக்குகளும் தொடரப்பட்டன. படத்தின் தெளிவுக்கேற்பக் கதிர்வீச்சைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி ஒன்று, சில அமைப்புகளோடு சேரும்போது அளவைக் குறைப்பதற்குப் பதிலாக ஏற்றிவிடும் என்பதும் அப்போது வெளிவந்தது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே கைவிட்ட கதை அது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், தங்கள் தந்தையின் தலையில் உள்ள அந்தப் பட்டைதான். மாத்திரையினால் முடி கொட்டினால் அது பெரும்பாலும் தலை முழுவதும் பரவலாகக் கொட்டும். காதுக்குக் காது கோடு கிழித்தாற்போல் கொட்டாது. தோல் ஏறத்தாழ மூன்று கிரே அளவைத் தாண்டினால், இரண்டு மூன்று வாரங்களில் முடி தற்காலிகமாக உதிரும் என்பது கதிரியலில் நன்கு நிலைபெற்ற செய்தி. கதிர்வீச்சு பாய்ந்த இடத்தில் மட்டும் அது உதிரும். ஆகவே பாதிப்பு கண்ணுக்குத் தெரிகிறது, நேர்ந்த காலம் பொருந்துகிறது, நேர்ந்த இடமும் பொருந்துகிறது. வழக்கறிஞனாக எனக்கு வரும் மருத்துவக் கவனக்குறைவுப் புகார்களில் இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து வருவது அரிது.

இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தங்கள் தந்தைக்கு ஸ்கேன் மட்டுமே எடுத்தார்களா, அல்லது இரத்தக்குழாய் வழியாகக் கம்பி செலுத்தி அடைப்பை நீக்கும் சிகிச்சையும் செய்தார்களா? அந்தச் சிகிச்சை முழுவதும் தொடர் எக்ஸ்ரேயின் துணையோடுதான் நடக்கும். சிக்கலான அடைப்பாக இருந்தால் தலையின் ஒரு பகுதியில் மூன்று கிரேக்கு மேல் சேர்ந்துவிடுவது உண்டு. உயிரையும் கைகால் அசைவையும் மீட்பதற்காக மருத்துவர் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பக்கவிளைவு அது என்றால் கவனக்குறைவு என்ற வாதம் நிற்காது. அதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டிச் சொன்னார்களா, ஒப்புதல் படிவத்தில் எழுதினார்களா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும். அப்படி எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை, இரண்டு ஸ்கேன்கள் மட்டும்தான் என்றால், முறையாக எடுத்த ஸ்கேன் எதிலும் முடி கொட்டக் கூடாது. அந்த நிலையில் விளக்கம் தர வேண்டிய பொறுப்பு மருத்துவமனையின் பக்கம் சாய்கிறது. வி. கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல், எல்லா மருத்துவப் புகாருக்கும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்றும், நடந்ததே நடந்த தவற்றைக் காட்டும் வழக்குகள் உண்டு என்றும் கூறியிருக்கிறது. ஆனாலும், தோல் மருத்துவர் ஒருவரிடம் தந்தையைக் காட்டி, முடி உதிர்ந்த இடத்தை அளவுகோல் வைத்துத் தேதியோடு படமெடுத்து, அவருடைய கருத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள். தற்காலிக உதிர்வாக இருந்தால் சில மாதங்களில் முடி மறுபடியும் முளைத்துவிடும். தந்தைக்கு அது நல்ல செய்தி. ஆனால் வழக்கின் கண்கண்ட சாட்சி அதோடு மறைந்துவிடும்.

கேள்வி: ஸ்கேனில் எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்று மையத்தில் கேட்டால், "ஃபிலிமும் ரிப்போர்ட்டும்தான் தருவோம், வேறெதுவும் கிடையாது" என்கிறார்கள். அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லையா?
வாசகர், திருப்பூர்

பதில்: வழி தங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். ஸ்கேன் மையம் தந்த குறுந்தகட்டைக் கணினியில் போட்டு, படங்களின் வரிசையில் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான இயந்திரங்கள், ஸ்கேன் முடிந்ததும் 'டோஸ் ரிப்போர்ட்' என்ற ஒரு பக்கத்தைப் படங்களோடு படமாகச் சேமித்து வைக்கின்றன. அதில் சி.டி.டி.ஐ. என்ற பெயரில் மில்லிகிரே அளவும், டி.எல்.பி. என்ற பெயரில் மொத்த அளவும் இருக்கும். வழக்கமாக எடுக்கும் தலை ஸ்கேனுக்கு முதல் எண் ஐம்பது, அறுபது மில்லிகிரே அளவில் இருக்கும். இரத்த ஓட்ட ஸ்கேனில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுப்பதால் அது பல நூறாக ஏறுவது இயல்பே; அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். அது இயந்திரத்தின் அளவே தவிர, தோல் வாங்கிய அளவு அப்படியே அதுவாகிவிடாது. எண்ணைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டியவர் மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் அவர்கள் பணிபுரிகிறார்கள்.

குறுந்தகட்டில் இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. பதிவுத் தபாலில் கேட்டதற்கு ஒப்புகைச் சீட்டு உண்டு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும்; உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. பழைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையில் இந்த வாசகம் இல்லை. புதிய சட்டத்தில் நோயாளிக்குப் பயன்படும் மாற்றங்களில் இதை நான் முதலாவதாக வைப்பேன். வழக்கு என்று வந்துவிட்டால், இயந்திரத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தந்த உரிமத்தையும், இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் செய்திருக்க வேண்டிய தரப் பரிசோதனை அறிக்கையையும் முன்வைக்கும்படி, இத்தகைய புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்தின் மூலம் உத்தரவு கேட்கலாம்.

கலிபோர்னியாவில், மேலே சொன்ன நிகழ்வுக்குப் பிறகு 2010-இல் சட்டம் இயற்றி, 2012 ஜூலை முதல் ஒவ்வொரு சி.டி. அறிக்கையிலும் கதிர்வீச்சு அளவு பதிவாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நம்மூர் அறிக்கைகளில் அந்த ஒரு வரியை நான் பெரும்பாலும் காண்பதில்லை.

கேள்வி: எனக்கு வயது 38. சிறுநீரகக் கல் வலிக்காக ஆறு மாதத்தில் மூன்று மருத்துவர்களிடம் போனேன். மொத்தம் நான்கு முறை வயிற்றுக்கு சி.டி. எடுத்துவிட்டார்கள். சாதாரண மனிதருக்கு ஆண்டுக்கு ஒரு மில்லிசீவர்ட்தான் அனுமதி என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. இனி புற்றுநோய் வந்தால் யார் பொறுப்பு? இப்போதே இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாமா?
வாசகி, மதுரை

பதில்: சீவர்ட் என்பது கதிர்வீச்சால் உடலுக்கு நேரக்கூடிய தீங்கைக் கணிக்கும் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். அந்த ஒரு மில்லிசீவர்ட் வரம்பு நோயாளிக்கானதன்று. கதிர்வீச்சு நிலையங்களின் அக்கம்பக்கத்தில் வாழும் பொதுமக்களுக்கு, அந்த நிலையங்களால் கூடுதலாக வந்து சேரக்கூடிய அளவின் வரம்பு அது. கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு இருபது மில்லிசீவர்ட் என்று வேறொரு வரம்பு உண்டு. நோயாளிக்கு எண்ணால் ஆன வரம்பு எதையும் உலகில் யாரும் வைக்கவில்லை. உயிர் போகும் நேரத்தில் ஐந்தாவது ஸ்கேன் தேவைப்பட்டால் 'கோட்டா முடிந்துவிட்டது' என்று சொல்ல முடியாதல்லவா! அதற்குப் பதிலாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன: இந்த ஸ்கேன் உண்மையிலேயே தேவைதானா, தேவையென்றால், நோயை அறியப் போதுமான மிகக் குறைந்த அளவில் எடுக்கப்பட்டதா. அளவு மீறியது என்று சட்டத்தில் வாதிடுபவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்ள முடியும்.

இனி அச்சத்தைப் பற்றி. வயிற்று சி.டி. ஒன்றுக்குத் தோராயமாகப் பத்து மில்லிசீவர்ட் என்று கொண்டால், தாங்கள் பெற்றது நாற்பது. இயற்கையிலிருந்தே உலக மனிதர் ஒவ்வொருவரும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறோம். ஆகவே தாங்கள் பெற்றது பதினாறு பதினேழு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்கு ஒப்பானது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் பயன்படுத்தும் மதிப்பீடு ஒரு சீவர்ட்டுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்பதால், தங்கள் கணக்கில் புற்றுநோய்க்கான கூடுதல் வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டு. அது பூச்சியம் இல்லை என்பதையும், தூக்கத்தைப் பறிகொடுக்க வேண்டிய அளவும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆயிரத்தில் இரண்டு என்ற எண்தான் வழக்குக்குத் தடையாகவும் நிற்கிறது. உரிமையியல் வழக்கில், எதிராளியின் செயலால் பாதிப்பு நேர்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்று காட்டியாக வேண்டும். பிற்காலத்தில் புற்றுநோய் வந்தாலும், அது இந்த ஸ்கேனால் வந்ததா, ஸ்கேன் இல்லாமலே வந்திருக்குமா என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் எதுவும் கட்டியில் இருப்பதில்லை. தஞ்சாவூர் வாசகியின் தந்தைக்கும் தங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். அவர் தலையில் முத்திரை விழுந்திருக்கிறது.

புற்றுநோய் வருமோ என்ற அச்சத்துக்கு மட்டும் இழப்பீடு உண்டா என்ற கேள்வியைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1993-இல் பாட்டர் எதிர் ஃபயர்ஸ்டோன் வழக்கில் தீர்த்து வைத்தது. அது ஸ்கேன் வழக்கு அன்று. டயர் தொழிற்சாலைக் கழிவு குடிநீரில் கலந்த வழக்கு. உடல் பாதிப்பு எதுவும் இல்லாதவர், தமக்குப் புற்றுநோய் வருவதற்கே வாய்ப்பு அதிகம் என்று மருத்துவக் கருத்தோடு காட்டினால்தான், கவனக்குறைவின் பேரில் அச்சத்துக்கு இழப்பீடு பெறலாம் என்றது நீதிமன்றம். எதிராளி தீய எண்ணத்தோடு நடந்துகொண்ட வழக்குகளுக்கு மட்டும் தளர்வு தந்தது. ஆனால் எதிர்காலத்தில் தேவைப்படும் மருத்துவக் கண்காணிப்புப் பரிசோதனைகளின் செலவை, இப்போது நோய் இல்லாதவரும் கேட்கலாம் என்றது. எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகவே படுகிறது. நம் நீதிமன்றங்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றாலும், எடுத்துக்காட்டி வாதிடத் தடையில்லை.

அப்படியென்றால் தங்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கலாம். நான்கில் எந்த ஸ்கேன் தேவையற்றது என்று பாருங்கள். முதல் படம் தெளிவாக இருந்தும் அடுத்த வாரமே, நோய்க்குறியில் மாற்றமில்லாமல், 'எங்கள் மையத்தில் எடுத்தால்தான் பார்ப்பேன்' என்று ஒருவர் அனுப்பியிருந்தால் அந்த ஸ்கேனுக்கு நியாயம் கற்பிப்பது அவருக்குக் கடினம். பரிந்துரைக்கு ஈடாகக் கமிஷன் வாங்குவதை நான் மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்கின்றன. அதற்கு ஆதாரம் கிடைத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். கவுன்சில் மருத்துவரின் பதிவின் மீது நடவடிக்கை எடுக்கும், இழப்பீடு தராது. நுகர்வோர் ஆணையத்தில், தேவையற்ற ஸ்கேனின் கட்டணத்தையும் மன உளைச்சலுக்கு ஒரு தொகையையும் கேட்கலாம். பெருந்தொகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். 'முந்தைய ஸ்கேன் விவரத்தை நோயாளியே சொல்லவில்லை' என்பது எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். பழைய படங்களைப் பீரோவில் பூட்டிவிட்டுப் புது மருத்துவரிடம் வெறுங்கையோடு போவது நம்மில் பலருக்குப் பழக்கம். தாங்கள் அப்படிச் செய்திருந்தால் வழக்கறிஞரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. எடுத்ததற்கும் வழக்குப் போடலாமா?
வாசகர், சேலம்

பதில்: கதிர்வீச்சுக்காகப் போட முடியாது. எம்.ஆர்.ஐ. காந்தப் புலத்தாலும் ரேடியோ அலைகளாலும், அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளாலும் இயங்குகின்றன. இங்கே பேசப்படும் அயனியாக்கும் கதிர்வீச்சு இரண்டிலும் இல்லை.

கேள்வி: விபத்துக்குப் பிறகு என் மனைவிக்கு மார்பு சி.டி. எடுத்தார்கள். கர்ப்பமா என்று யாரும் கேட்கவில்லை. பிறகுதான் ஐந்து வாரக் கரு என்று தெரிந்தது. அருகிலுள்ள மருத்துவர் ஒருவர் கலைத்துவிடச் சொல்கிறார். ஸ்கேன் மையத்தின் மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம்?
வாசகர், திருநெல்வேலி

பதில்: நடவடிக்கை இருக்கட்டும், முதலில் கருவைப் பாருங்கள். மார்பு ஸ்கேனில் கதிர்க்கற்றை வயிற்றின் மீது நேரடியாகப் படுவதில்லை. உடலுக்குள் சிதறிச் செல்லும் சிறு பகுதிதான் கருவை எட்டும். அது பொதுவாக ஒரு மில்லிகிரேயைக் கூடத் தொடாது. கருவுக்குச் சென்ற அளவு நூறு மில்லிகிரேக்குக் கீழ் இருந்தால், கதிர்வீச்சைக் காரணம் காட்டிக் கருவைக் கலைப்பதற்கு நியாயமில்லை என்பது பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையத்தின் நிலைப்பாடு. டோஸ் ரிப்போர்ட்டை வாங்கி, மருத்துவ இயற்பியலாளரிடம் கருவுக்குச் சென்ற அளவைக் கணக்கிட்டு எழுதி வாங்கி, மகப்பேறு மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். முடிவு தங்கள் மனைவியுடையது.

கேட்காமல் விட்டது தவறுதான். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பை மையத்தில் மக்கள் பார்வையில் வைப்பது கட்டாயம். கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்பது நல்ல மையங்களின் அன்றாட நடைமுறை. ஆனால் நினைவின்றி வந்த விபத்து நோயாளிக்கு உயிர் காக்க ஸ்கேன் எடுத்தோம் என்று அவர்கள் சொன்னால் நுகர்வோர் ஆணையம் அதைத் தள்ளிவிடாது. குழந்தை நலமாகப் பிறந்துவிட்டால் இழப்பீட்டுக்குப் பெரிய இடமும் இருக்காது. கூர்ந்து பார்த்தால், இந்த விவகாரத்தில் பெரும் பாதிப்பை உண்டாக்கக்கூடியது அந்த ஸ்கேன் அன்று, அளவைக் கணக்கிடாமல் 'கலைத்துவிடு' என்று சொன்ன அறிவுரை.

கேள்வி: அரசு மருத்துவமனையில் எடுத்த ஸ்கேன் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்களே?
வாசகர், கடலூர்

பதில்: பாதி உண்மை. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் எல்லாச் சேவையையும் இலவசமாகத் தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்றும், பெயரளவில் வாங்கும் பதிவுக் கட்டணத்தால் அந்த நிலை மாறாது என்றும் கூறியது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமென்றால், இலவசமாகப் பெற்றவரும் நுகர்வோரே. சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டால் அதை இலவசச் சேவை என்று சொல்ல முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்தும் ஸ்கேன் மையங்களில் கட்டணம் செலுத்தி எடுத்திருந்தால் அந்த ரசீதையும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்திருந்தால் அதன் ஆவணத்தையும் பத்திரப்படுத்துங்கள். தங்கள் வாதம் அதில்தான் தொங்குகிறது. ஆணையம் ஏற்காவிட்டாலும் உரிமையியல் நீதிமன்றமும் அரசு அமைப்புகளுக்கு நேரடியாக ஆணையிடும் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரமும் இருக்கின்றன.

கேள்வி: எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்? எவ்வளவு செலவாகும்? போலீஸில் புகார் கொடுத்தால் சீக்கிரம் நடக்காதா?
வாசகி, ஈரோடு

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்ற வழக்குக்கு மிகக் கொடிய அளவிலான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்றும், தகுதியுள்ள மற்றொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெறாமல் காவல்துறை மேலே செல்லக் கூடாது என்றும் கூறிவிட்டது. 2008-இல் கலிபோர்னியாவின் ஆர்கேட்டா நகரில் இரண்டரை வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக 151 முறை ஸ்கேன் ஓடவிட்ட நிகழ்வு போன்றது ஒன்று இங்கே நடந்தால் குற்ற வழக்குக்கு இடமிருக்கலாம். அமைப்பில் நேர்ந்த பிழைக்காகவோ தேவைக்கு மிஞ்சி எடுத்த ஸ்கேனுக்காகவோ காவல் நிலையம் போவதால் பகை வளருமே தவிர இழப்பீடு வராது.

நுகர்வோர் ஆணையத்தில் காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடுப்பதற்கான காரணம், எழுந்த நாளிலிருந்து அதைக் கணக்கிடச் சொல்கிறது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கவும் இடம் தருகிறது. கதிர்வீச்சுப் பாதிப்பு தாமதமாகத் தலைகாட்டுவதால், எந்த நாள் என்பதே வழக்காகிவிடும். ஷ்ரிகண்டே வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், பாதிப்பு மறைந்திருந்தால் நோயாளி அதை அறிந்த நாளிலிருந்தோ, உரிய கவனத்தோடு இருந்திருந்தால் அறிந்திருக்கக்கூடிய நாளிலிருந்தோ கணக்கிட வேண்டும் என்றது. அந்த வழக்கில் 1993-இல் நடந்த அறுவையில் வயிற்றுக்குள் விடப்பட்ட துணி 2002-இல் வெளியே எடுக்கப்பட்டது. ஆனாலும் புகாரைத் தள்ளுபடி செய்தார்கள். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள் வலியோடு இருந்தும் அறுவை செய்த மருத்துவரிடம் ஒரு முறைகூடப் போய்க் கேட்கவில்லை என்பது காரணம். எனவே முடி கொட்டியதும், தோல் சிவந்ததும் அன்றே போய்ச் சொல்லுங்கள். சொன்னதை எழுத்திலும் கொடுங்கள்.

செலவு குறைவுதான். எந்த ஆணையம் என்பதைத் தாங்கள் கேட்கும் இழப்பீடு முடிவு செய்வதில்லை. தாங்கள் செலுத்திய கட்டணம் முடிவு செய்கிறது. அது ஐம்பது லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஐந்து லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணமே கிடையாது. ஸ்கேன் எடுத்த ஊர் எதுவானாலும், தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் அனுப்பலாம். வழக்கறிஞர் இல்லாமல் தாங்களே வாதிடவும் சட்டம் அனுமதிக்கிறது. என் தொழிலுக்கு நட்டமானாலும் சொல்லிவிடுகிறேன்: கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் சிறிய புகாருக்கு அதுவே போதும். நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய வழக்கென்றால் மட்டும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.